சீமெந்துத் தரையில் நூறு

1954 நவம்பர் 3, புதன்

காலையிலேயே எரிச்சல். டிஸ்பென்சரி வாசலில் ஒன்பது பேர்; ஒன்பது பேருக்கும் இடுப்பு வலி. மழை தொடங்கினால் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். எவனுக்கு மெய்யான வலி, எவன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகப் பஞ்சிப்பட்டு வந்தவன் என்று, மருந்து கொடுக்கிற நான் என்ன சாத்திரமா பார்ப்பது?

நல்லையாவின் வலி மட்டும் மெய். ஆறு வாரத்துக்கு முன் உரமூட்டையோடு மலையில் சறுக்கி விழுந்தவன். பதுளை டொக்டர் அவனுக்கு ஒரு பயிற்சி எழுதி அனுப்பியிருந்தார். குப்புறப் படுத்து, முழங்கைகளிலும் கால்விரல்களிலும் எழும்பி, உடம்பைப் பலகைபோல நேராகப் பிடிக்க வேண்டும். வயிற்றுத் தசை இறுகினால் முதுகுக்குக் காவலாம். டிஸ்பென்சரி விறாந்தையின் சீமெந்துத் தரையில் தினமும் செய்கிறான். நான் நின்று எண்ணுகிறேன். இன்று எண்பது எண்ணும்வரை பிடித்தான்.

நவம்பர் 9

நல்லையா நூறு பிடித்தான். நடுக்கமே இல்லை. தோட்டத்துத் துரைக்குப் பரம சந்தோஷம். இனி இடுப்பு என்று வருகிறவனையெல்லாம் இப்படியே சோதிக்க வேண்டுமாம். நூறு பிடித்தால் வேலைக்கு. பெருமையில் என் தலை கூரையில் முட்டாத குறை. "வேலைக்குத் தகுதி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இன்னும் ஒரு வாரம் பாத்துட்டுப் போறேங்க. மலையில ஏறுனா உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆடுதுங்க" என்றான்.

"நூறு பிடிச்சவனுக்கு என்னடா ஆட்டம்? போ!" என்று விரட்டினேன்.

நவம்பர் 12

விழுந்துவிட்டான். அதே மலை, மறுபடியும் மூட்டையோடு. கம்பளியில் போட்டு நான்கு பேர் தூக்கி வந்தார்கள்.

கோபம் தலைக்கு ஏறுகிறது. அவன்மேல்தான். பார்த்துக் கால் வைக்கத் தெரியாதவன்!

நவம்பர் 13

அவன் பெண்சாதி இராக்கம்மா கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடியே வந்து, இருபது பேர் பார்க்கக் கத்தினாள்.

"சிமிட்டித் தரையில குப்புறப் படுத்துத் தம் புடிச்சா போதுமாங்க? மலையில என்ன சிமிட்டியா போட்டிருக்கு? நீங்க ஒரு நாளு மூட்டை தூக்கிப் பாத்திருக்கீங்களா?"

வெளியே போ என்றேன். போகவில்லை. துரை வேலைப் பதிவிலிருந்து நல்லையாவின் பேரை வெட்டப் போகிறாராம். நூறு பிடித்தவன் விழுந்தால் அது நடிப்பாம். பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். மூன்று பிள்ளைகளோடு எங்கே போவார்கள்?

அதற்கு நான் என்ன செய்ய? நானா தள்ளி விழுத்தினேன்? கையெழுத்துத்தானே போட்டேன். கையெழுத்துத்தானே — சீ!

நவம்பர் 14, ஞாயிறு

அவள் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. விறாந்தைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே படுத்துப் பார்த்தேன். சீமெந்தில் நூற்றிருபது. சும்மா வந்தது. பிறகு ஒரு சாக்கில் மானாப்புல்லை அடைத்து, அதன்மேல் முழங்கைகளை ஊன்றினேன். சாக்கு ஒரு பக்கம் உருள, நான் மறுபக்கம் இழுக்க, வயிறு வெடவெடவென்று ஆடியது. பதினேழில் மூக்குடைய விழுந்தேன். சத்தம் கேட்டு என் மனைவி யோகம் ஓடி வந்தாள்.

"என்னப்பா, உங்களுக்கென்ன விசரோ?"

விசர்தான். தரை அசையாவிட்டால் பாதி வேலையைத் தரையே செய்துவிடுகிறது. அசைகிற இடத்தில்தான் வயிறு ஒவ்வொரு கணமும் விழித்திருந்து உடம்பைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மழையில் நனைந்த மலை எந்த வகை? இது தெரிய எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது. அவன் வாயைத் திறந்து சொன்னானே, உள்ளுக்குள் ஆடுகிறது என்று! கேட்டேனா? மடையா, நூறு எண்ணத் தெரிந்தால் போதுமா?

நவம்பர் 15

துரையிடம் போனேன். என் சோதனை பிழை, நல்லையா நடிக்கவில்லை என்றேன். அப்படியானால் பிழை உம்முடையது என்று எழுதித் தாரும், மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். பயந்து பின்வாங்குவேன் என்று நினைத்திருப்பார். அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தேன். பயத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

நவம்பர் 27

மேலிடத்துக் கடிதம் வந்தது. எனக்குக் கடைசி எச்சரிக்கை. நல்லையாவின் பேர் தப்பியது. துரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

டிசம்பர் 30

நல்லையா எழும்பி நடக்கிறான். பயிற்சியை மறுபடி தொடங்கினோம், முதலில் தரை. இராக்கம்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். என்னோடு ஒரு சொல் இல்லை. ஏன் பேச வேண்டும்?

1955 ஜனவரி 19

தரையில் நூறு, சாக்கில் பதினொன்று. இரண்டிலும் அவன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தரையில் கை கொஞ்சம் அமிழ்ந்தது. சாக்கில் வயிறு கல். டொக்டருக்கு இதை விவரமாக எழுதினேன். பதில் இல்லை.

பெப்ரவரி 21

சாக்கில் அறுபது. நேற்று வெறுங்கையோடு மலையில் ஏறி இறங்கிப் பார்த்தானாம். நான் தகுதிப் பத்திரத்தை மேசையில் வைத்துப் பேனையைத் திறந்தேன்.

"எப்ப வேலைக்குப் போகலாமெண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டேன்.

அவன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை.

"என்னையவா கேக்குறீங்க?" என்றான்.