பெரிய இன்ஜினுக்குத் தலையாட்டினேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டி வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் வேலை செய்யும் வீட்டில் ஸ்டேஷன் வேகன் என்று ஒரு நீளமான கார் வாங்குகிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் ஷோரூமுக்குப் போனேன். ஒரே வண்டி சின்ன இன்ஜினோடும் வருமாம், பெரிய இன்ஜினோடும் வருமாம்.

"கடைக்கும் ஸ்கூலுக்கும் சின்னது போதும்ங்க" என்றார் வீட்டுக்கார அக்கா.

"இத்தனை பேரோட மலை ஏறினா பாதியிலயே மூச்சு வாங்கும்டி" என்றார் ஐயா.

பெரியது வாங்கினால் லீவு முழுக்க மலையில் இருக்கும் அவர்கள் வீட்டில்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நானும் போக வேண்டும். சின்னது என்றால் மலைக்குப் போகமாட்டார்கள், அந்த லீவு மாதம் என்னை ஊருக்கு அனுப்புவதாக அக்கா சொல்லியிருந்தார்.

பேச்சு முடியவே இல்லை. விற்பவர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "பாப்பா, நீயே சொல்லும்மா, பெருசா சின்னதா?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'சின்னது' தொண்டை வரை வந்துவிட்டது.

"பெருசுதானே?" என்றார் ஐயா. தலையாட்டிவிட்டேன். ஐயா உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மலையில் குளிருமாம், என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள்.

இல்லை, அனுப்ப வேண்டாம் அம்மா. அக்காவுக்கு ஒரு போன் போட்டு, லீவுக்கு என்னை ஊருக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள். குழந்தை எழுந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்