புல் நட்ட கதையைக் கேளுங்கள், மதினி

என் ஆசை மதினிக்கு,

கையில் எந்த வேலை இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு இந்தப் பக்கம் காதைக் கொடுங்கள். உங்கள் புல் பிழைத்துவிட்டது! ஆமாம், வீட்டு முன்னால் நீங்கள் ஆசை ஆசையாக வளர்த்த அதே புல்தான். இன்று காலையில் அண்ணன் வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நாலு பேர் எட்டிப் பார்த்துப் படிக்கப் போகிற கடிதம் இது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் முதலிலிருந்தே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு வந்தவர் நீங்கள். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள் நான். நமக்குள் நாத்தனார் சண்டை வரும் வரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

நயா பைசா புதிதாகப் புழக்கத்துக்கு வந்த சமயம். அண்ணனுடைய அச்சாபீசில் ஒரு காலண்டர் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாடி வீடு, முன்னால் பச்சைப் புல்தரை, நடுவில் நாற்காலி போட்டு ஓர் அம்மாள். அந்தத் தாளைக் கையில் எடுத்த நீங்கள் கீழே வைக்கவே இல்லை. "நம்ம வீட்டு முன்னாலயும் இப்படி ஒண்ணு போடுவமா?" என்று கேட்டீர்கள். அண்ணன் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது.

"அது நம்ம மெஷின்ல விழுந்த பச்சை. சிவகாசி மண்ணுல விழாது" என்றார்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. விஸ்வநத்தத்தில் இருக்கிற நம் பட்டாசுக் கம்பெனியில் காய்ந்த புல்லைக் கண்டாலே எல்லோருக்கும் தீப் பயம். ஒவ்வொரு அறையைச் சுற்றியும் மண் தெரியச் செதுக்கி வைத்திருப்பார்கள். காலையில் போனதும் அண்ணன் முதலில் பார்ப்பது அதைத்தான். "கம்பெனில புல்லைச் செதுக்கக் கூலி கொடுக்கேன், வீட்டுல அதை வளக்கவும் கூலி கொடுக்கணுமாக்கும்?" என்று உங்களைக் கேட்டார்.

நீங்களா அசைகிற ஆள்? கண்மாய்க் கரையிலிருந்து அருகம்புல்லைச் சாக்குச் சாக்காக வரவழைத்தீர்கள். தண்ணீருக்கு ஊரே அல்லாடுகிற நாளிலும் அரிசி கழுவினது, காய் கழுவினது என்று ஒரு சொட்டு வீணாக்காமல் ஊற்றி அதை வளர்த்தீர்கள். சாயங்காலத்தில் நாம் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடப்போம். கத்திரி வெயில் காலத்தில்கூட உள்ளங்காலில் ஒரு குளிர்ச்சி ஏறும். அப்போது பேசியதில் பாதி அண்ணனைப் பற்றிய கேலிதான், அதை இங்கே எழுதமாட்டேன்.

பிறகு மஞ்சள் காமாலை வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. உங்கள் சேலைகள் மகள்கள் வீட்டுக்குப் போயின, பாத்திரங்களும் அப்படியே. உங்கள் கை பட்டு உயிரோடு மிச்சம் இருந்தது அந்தப் புல் ஒன்றுதான் மதினி. எங்கள் துக்கத்தில் அதைக் கவனிக்க ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கோரைக் களை உள்ளே புகுந்துவிட்டது.

கோரையைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததே இல்லை. தினமும் வந்து பிடுங்கினேன். இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் சுகமாக இருக்கும். நாலு நாளில் பழையபடி தலையைத் தூக்கிவிடும். உப்பைக் கரைத்து ஊற்றினால் போகும் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். ஊற்றினேன். அருகு கருகியது, கோரை அசையவில்லை. அன்றிலிருந்து எதிர்வீட்டோடு நான் பேசவில்லை.

இந்த வருஷம் அச்சாபீசுக்கு வெளிநாட்டு மெஷின் ஒன்று வருகிறது. அங்கே இடம் இல்லை, அதனால் அதற்கு வீட்டில் ஷெட் போட வேண்டும். அண்ணன் வாசலில் நின்று அந்தக் கோரைக் காட்டை ஒரு பார்வை பார்த்தார். "தை பெறந்ததும் கொத்தனார் வாராரு. இதைச் செதுக்கிட்டு இங்கன ஷெட்டைப் போட்ருவோம்" என்றார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தை வரைக்கும் விடுங்கண்ணே. கோரை போயிருச்சுன்னா ஷெட்டை வீட்டுக்குப் பின்னால போடணும்."

"போகலைன்னா?"

"நானே மம்பட்டியை எடுத்துக் கையில தாரேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி கொஞ்சம் ஓய்ந்திருந்தது. காட்டுவேலைக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேரைக் கணக்கப்பிள்ளை அனுப்பி வைத்தார். அவர்களில் மூத்தவள் மாரியக்கா. அன்றைக்கென்று விருதுநகரில் உங்கள் தம்பி மகளுக்கு வளைகாப்பு. நான் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், "களை ஒண்ணு விடாம எடுத்துருங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் திரும்பி வந்து கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தரையை வழித்து வைத்திருந்தார்கள். உங்கள் அருகம்புல் முழுக்கச் சுவரோரம் குவியலாகக் கிடந்தது. குப்பைக்கீரையும் தொய்யக்கீரையும் மட்டும் அங்கங்கே கம்பீரமாக நின்றன. அவற்றுக்கு அழகாக மண் அணைத்து வேறு விட்டிருந்தார்கள்!

"பாத்தீகளா தாயி, ஒத்தப் புல்லு கெடையாது" என்றாள் மாரியக்கா, முகமெல்லாம் பெருமை. "கீரையை மட்டும் விட்ருக்கோம், குழம்புக்கு ஆகும்ல? பிள்ளையாருக்குன்னு அந்த மூலையில ஒரு கைப்பிடி அருகு நிக்கி."

"ஐயோ அக்கா, புல்லுதானே வேணும்! மத்ததைத்தானே எடுக்கச் சொன்னேன்!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். "புல்லு வேணுமா? மாடு எங்க தாயி கெட்டிருக்கீக?" என்று கேட்டாள்.

யாரைக் கோபிக்க, மதினி? மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் குனிந்தவர்களுக்குக் களை என்றாலே புல்தான். நான் சொன்ன வார்த்தையைத்தான் அவர்கள் சுத்தமாகச் செய்து முடித்திருந்தார்கள். புல்லைக் காப்பாற்றுவதற்காகக் களை எடுக்கிற வீடும் உண்டு என்று யார் கண்டது?

அந்த நேரம் பார்த்து அண்ணன் கார் வந்து நின்றது. இறங்கியவர் முகத்தில் நான் பல மாதமாகப் பார்க்காத சந்தோஷம். "அடடா, நம்ம கம்பெனி மாதிரில்ல இருக்கு! இப்பவே கொத்தனாருக்குச் சொல்லி விட்ருவமா?"

"தை இன்னும் பெறக்கலை. சொன்னா சொன்னதுதான்" என்று கத்தினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அந்தப் புல் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதேன். பட்டுச்சேலையோடு.

அழுதுகொண்டே ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்தேன். உள்ளே கறுப்பாக, சுண்டைக்காய் அளவில் கோரைக்கிழங்கு! இன்னொன்றை உடைத்தேன், அதிலும் இருந்தது. சட்டென்று எழுந்துவிட்டேன். கிழங்கு தப்பித்துக்கொண்டிருந்ததே மேலே புல் மூடியிருந்ததால்தானே? இப்போது மறைக்க ஒன்றும் இல்லையே! தரை முழுவதையும் கிளறிச் சலித்துவிட்டுப் புல்லைத் திரும்ப நட்டால் என்ன?

"நாளைக்கும் வாங்கக்கா, எல்லாரும் வாங்க! மண்ணைச் சலிக்கணும். அப்புறம் இந்தப் புல்லை நடணும்" என்றேன்.

"நடணுமா!" மாரியக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க காட்டுல நான் புல்லு நட்டேன்னா எம் மாமியா என்னை அன்னைக்கே ஊரு தாண்ட அடிச்சு விரட்டிருவா." மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மழை அந்த வாரம் ஏய்த்திருந்தது நல்லதாகப் போயிற்று. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கொத்து வேலைக்கு மணல் சலிக்கிற சல்லடையைக் கொண்டுவந்து வைத்துச் சலித்தோம். கிழங்கு கூடை கூடையாக விழுந்தது. குளிக்கிற பொடிக்கு ஆகும் என்று அவர்கள் மடியில் அள்ளிக்கொண்டார்கள், கீரையையும் பிடுங்கிக்கொண்டார்கள். சாக்கை நனைத்துப் போட்டு வைத்திருந்த அருகைக் கிள்ளிக் கிள்ளி, மிளகாய் நாற்று நடுவது மாதிரி வரிசை பிடித்து நட்டார்கள். அதை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. "பிள்ளைகளா, நல்லாப் பாத்துக்கிடுங்க, சிவகாசில பணக்காரவுக வீட்டு வெள்ளாமை!" என்று யாரோ சொல்ல, நான் அதற்கும் பதில் கொடுத்தேன்.

நட்டு முடித்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. நீங்கள்தான் அனுப்பினீர்களா, மதினி? ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியது. எங்கேயாவது ஒரு கோரை தலை காட்டினால் குச்சியால் கிளறிக் கிழங்கோடு எடுத்தேன். மார்கழியில் கோலம் போட வருகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அண்ணன் மட்டும் அதைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிப் போவார். கொத்தனாரும் வந்து வாசலை அளந்துவிட்டுப் போனார்.

இன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் கம்பெனிக்குக் கிளம்பினார். கார்க் கதவைத் திறந்தவர் திறந்தபடியே விட்டுவிட்டுப் புல்தரைக்கு வந்தார். குனிந்தார். புல்லைக் கண்டால் பிடுங்குகிற கையாயிற்றே! ஒரு தளிரைப் பிடித்துவிட்டார். பிடித்த கை அப்படியே நின்றது.

"ஏளா பாக்கியம், இங்கன வா" என்று கூப்பிட்டார். "இது களையா, உன் மதினி வச்சதா?"

நீங்கள் போன பிறகு அவர் உங்களைப் பற்றி எடுத்த முதல் பேச்சு அது. எங்கள் யாரிடமும், உங்கள் மகள்களிடம்கூட, அவர் உங்கள் பேச்சை எடுத்ததே இல்லை. நாங்களும் பயந்து எடுக்கமாட்டோம்.

"மதினி வச்சதுதான் அண்ணே" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். வேர் லேசாக ஆடியிருந்த இடத்தில் மண்ணைத் தள்ளிக் கட்டைவிரலால் அமுக்கினார். நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "கொத்தனாரை வீட்டுக்குப் பின்னால அளக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

கார் தெருவைத் தாண்டும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சத்தம் போட்டு அழுதேன், சத்தம் போட்டுச் சிரித்தேன். எதிர்வீட்டுக்காரி பதறி ஓடி வந்தாள். அவளோடு பேச்சு மறுபடியும் தொடங்கிவிட்டது.

அங்கே புல் உண்டா, மதினி? உண்டென்றால் களையும் இருக்குமே, யார் எடுக்கிறார்கள்? அண்ணன் மண்ணை அமுக்கியதையும் நான் அழுது சிரித்ததையும் அங்கிருந்து பார்த்தீர்களா?

ஒரு வாக்குத் தருகிறேன். நாளையிலிருந்து சாயங்காலம் அண்ணனையும் அந்தப் புல்லுக்கு இழுத்து வருவேன், செருப்பைக் கழற்ற வைப்பேன். உங்களைப் பற்றி நான் பேசுவேன், அவரையும் பேச வைப்பேன். இனி இந்த வீட்டில் உங்கள் பேச்சைப் பொத்தி வைக்க நான் விடமாட்டேன்.

என்றைக்கும் உங்கள் கட்சியில் நிற்கும் நாத்தனார்,
பாக்கியம்