பெயர் சொல்லிச் செய்த ஜெபம்

1981 ஜூலை 8, புதன்

வேலூரிலிருந்து திரும்ப மாலையாகிவிட்டது. போளூர் தாண்டியதுமே கனகமாலா பொட்டலத்தைப் பிரித்து மகளைச் சாப்பிட வைத்தாள். ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் போட மாட்டார்கள். எனக்கும் இரண்டு இட்லி கிடைத்தது.

டாக்டர் நல்ல சேதிதான் சொன்னார். குணமதிக்குக் கடைசியாக வலிப்பு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம். "மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் சொல்லிடுங்க" என்றார். கனகமாலா தலையை ஆட்டினாள். குணமதி மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

நம் சபைப் பெண்கள் புதன்தோறும் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் ஆதரவில்லாதவர்களைப் பார்க்கிறோம். இவர்களைக் கண்டுபிடித்த அன்று நான் ஒருத்திதான் போயிருந்தேன். புருஷன் இல்லை, வீட்டில் அப்பளம் போட்டு விற்றுத்தான் பிழைப்பு. பஸ் செலவும் மாத்திரைச் செலவும் சபை தருகிறது. யாருக்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கனகமாலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இந்த ஊர்ல உங்களத் தவிர யாருக்கும் தெரியாது. வந்தவாசி பக்கத்துலருந்து ஒரு இடம் வந்திருக்கு. ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா என் பொண்ணு வாழ்க்கையே போச்சு."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன். சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதத்தில் இருப்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூலை 12, ஞாயிறு

பெண் பார்த்துவிட்டுப் போனார்களாம். மல்லிநாதன் என்று பெயர், கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. ஆவணியில் நிச்சயம். கனகமாலா சிரித்து நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஜூலை 17, வெள்ளி

பெண்கள் கூட்டம். முழங்காலில் நின்று ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபித்துக்கொண்டு வந்தோம். என் முறை வந்தபோது மனம் அப்படியே உருகிவிட்டது. "ஆண்டவரே, அப்பளக்கார கனகமாலாவின் மகள் குணமதியை நினைத்தருளும். அந்த வலிப்பு நோய் இனி அவளைத் தொடாதபடி காத்தருளும். அவள் கல்யாணத்துக்கு ஒரு தடையும் வராதிருப்பதாக." பக்கத்தில் ராணியம்மாள் விசும்பினாள். கூட்டம் முடிந்ததும் போதகரம்மா என் தோளைத் தட்டி, "நல்ல ஜெபம்" என்றார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சின்ன உறுத்தல். ஜெபத்தில் சொன்னதும் சொன்னதாகுமா? ஆண்டவரிடம்தானே சொன்னேன்!

ஜூலை 18, சனி

ஆகாது. தூங்கி எழுந்ததும் தெளிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ஆயிற்று. எல்லாம் ஆயிற்று.

ஆராதனை முடிந்து ராணியம்மாள் அப்பளம் வாங்கப் போயிருக்கிறாள். அங்கே மல்லிநாதனுடைய அத்தை வந்து உட்கார்ந்திருக்கிறாள், நகை அளவு பார்க்க. இவளுக்கு அவள் யாரென்று தெரியாது; அடையாளம் சொன்னதும் எனக்குத்தான் புரிந்தது. பிரியமாகத்தான் கேட்டாளாம்: "பாப்பாவுக்கு வலிப்பு இப்ப தேவலையாம்மா? நாங்க எல்லாரும் தினம் பேர் சொல்லி ஜெபம் பண்றோம்."

எல்லாரும்! தினம்! பேர் சொல்லி!

அத்தை காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாளாம். இதையும் ராணியம்மாளே வந்து சொன்னாள். "பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ தெரியல" என்றாள். நான் என்ன பண்ணிட்டேன்! ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்!

ஆகஸ்ட் 3, திங்கள்

ஆண்டவருக்கு அவள் பெயர் தெரியாதா? தாய் பெயரும் தொழிலும் சொன்னால்தான் அடையாளம் கண்டுபிடிப்பாரா? நான் யாருக்குச் சொன்னேன்? நல்ல ஜெபம் என்று தோளைத் தட்டியபோது எனக்கு இனித்தது. அதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது.

ஆகஸ்ட் 6, வியாழன்

போதகரம்மாவிடம் போய் அழுதேன். "மறைச்சுப் பண்ற கல்யாணம் நிலைக்குமா? உண்மை வெளியே வந்தது தேவ சித்தம்" என்றார்கள். டாக்டரும் சொல்லத்தானே சொன்னார்? அப்படியென்றால் நான் செய்தது சரியா? சரியென்றால் கனகமாலா வீட்டுப் பக்கம் போகக் கால் ஏன் வரவில்லை? தேவ சித்தமா, என் வாயா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இனி யாரைப் பற்றியும், எதைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. இது மட்டும் நிச்சயம்.

ஆகஸ்ட் 19, புதன்

வாசலில் ஒரு பையன் நின்றான். ஒல்லி, வெள்ளைச் சட்டை, வியர்வை. "நான் மல்லிநாதன்" என்றான்.

"வீட்ல வேணாம்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கலீங்க. நீங்கதான் வேலூருக்குக் கூட்டினு போறீங்களாமே, டாக்டர் என்ன சொல்றாருங்க? உங்க வாயால கேட்டா வீட்ல பேசிப் பாக்கலாம்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. அவங்களையே கேளுங்க" என்றேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைத் திண்ணையில் வைத்தான். அப்புறம் போய்விட்டான். கனகமாலா வீடு இருக்கும் பக்கமாக இல்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கமாக.

ஒரு தடவையாவது வாயைக் கட்டினேனே என்று எனக்கே பெருமையாக இருந்தது. இவர் ஆபீசிலிருந்து வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அடிப்பாவி, அந்தப் பையன் நல்ல சேதி கேக்கத்தானே வந்திருக்கான்? இதுக்குப் போய் வாய்க்குப் பூட்டு போட்டியா?"

ஆகஸ்ட் 23, ஞாயிறு

கனகமாலாவே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தப் புள்ள உங்க வாசல்ல வந்து நின்னுச்சாமே. டாக்டரு கல்யாணம் பண்ணலாம்னு சொன்னத உங்க காதாலதானே கேட்டீங்க? கெட்டது சொல்ல வாய் இருந்துச்சு. நல்லது சொல்ல வாய் இல்லையா உனக்கு?"

அதுவரை 'நீங்க' என்றுதான் பேசினாள். அவனுக்கு வேறு இடம் முடிவாகிவிட்டதாம். நானே வந்தவாசிக்குப் போய்ச் சொல்கிறேன் என்று உளறினேன். "போதும் தாயே, நீ ஒண்ணும் பண்ணாம இரு" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 24, திங்கள்

சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. எந்த நேரத்தில் எது என்று மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறதே, எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

செப்டம்பர் 11, வெள்ளி

என் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தேன். காத்திருந்து பார்த்துவிட்டு ராணியம்மாள் தொடங்கினாள். முடிந்ததும், "உடம்பு சரியில்லையா?" என்று நாலு பேர் விசாரித்தார்கள். எனக்காக ஜெபிப்பார்களாம். பெயர் சொல்லித்தான் ஜெபிப்பார்கள்.

அக்டோபர் 6, செவ்வாய்

மாத்திரை தீரும் நாள் நெருங்குகிறதே, அந்தப் பெண் என்ன செய்வாள் என்று ஒரு வாரமாக எனக்கு அதே நினைப்பு. சபைச் செலவில் இனி வருவாளா? வராமல் மாத்திரையை நிறுத்திவிட்டால்? ஒருநாள் அடுப்பண்டை விழுந்துவிட்டால்? அந்த வீட்டுத் தெருமுனைவரை போய்ப் போய்த் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் குணமதியே வந்து நின்றாள். "நாளைக்கு வேலூர் போவணும். அம்மா வர மாட்டேங்குது. நீங்க வரீங்களா பெரியம்மா?"

"என்னை மன்னிச்சுடும்மா..." என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "டிபன் நானே கட்டினு வந்துடறேன், நீங்க எதுவும் செய்யாதீங்க" என்றாள்.

கோபம் போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 7, புதன்

பஸ்ஸில் நல்ல கூட்டம். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் ஓர் அம்மா, பக்கத்தில் அவளுடைய பெரிய கூடை. இருந்த கொஞ்ச இடத்தில் குணமதியும் அவளை ஒட்டி நானும் ஒடுங்கிக்கொண்டோம்.

கண்ணமங்கலம் தாண்டியதும் அந்த அம்மா பேச்சுக் கொடுத்தாள். "ஆஸ்பத்திரிக்கா போறீங்க? யாருக்கு உடம்பு?"

சொல்வதா, கூடாதா? எனக்குத்தான் தலைவலி என்று ஒரு பொய்யை எடுத்து வாய்வரை கொண்டுவந்தேன்.

"எனக்குத்தாங்க" என்றாள் குணமதி. "வலிப்பு. மாத்திரை சாப்புடறேன், இப்ப வரதில்ல." முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள்.

அந்த அம்மா "ஓ" என்றாள். கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக நகர்ந்தாள். இடம் கொடுக்க நகர்ந்தாளா, ஒட்டிவிடும் என்று விலகினாளா? வேலூர் வரைக்கும் யோசித்தும் எனக்குப் புரியவில்லை. குணமதி அதை யோசிக்கவில்லை. கிடைத்த இடத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நீங்களும் தள்ளி வாங்க பெரியம்மா" என்றாள்.