மூன்றாவது காப்பி

அன்பு மகளே,

நீ பயந்தது போல ஒன்றும் ஆகவில்லை. சரயேவோவில் காலையிலிருந்து மழை. ஆனாலும் ஷெவாலாவின் காப்பிக்கடைக்குத் தனியாகவே போனேன். கீரையும் சீஸும் வைத்துக் கங்கில் சுட்ட சுருள் ரொட்டி, மேலே பாலேடு. மேசைக்கு மேசை செப்புக் குவளையும் அரட்டையும். நீ இருந்திருந்தால் என் தட்டையும் காலி செய்திருப்பாய்.

உன் அப்பா வந்தார். கேட்காமலே எதிரில் உட்கார்ந்தார். கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. நம்மை விட்டுவிட்டு யாரோடு போனாரோ, அந்தப் பெண் எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஷெவாலா அவருக்கு வரவேற்புக் காப்பியும் ஒரு ரொட்டியும் வைத்தாள். பிறகு பேச்சுக் காப்பி வந்தது. முட்டிவலியைச் சொன்னார், குளிரைச் சொன்னார். கடைசியில், "நம்ம வீட்டுக்கே வந்துடலாம்னு பாக்கறேன். நீயும் தனியாத்தானே கெடக்கே?" என்றார்.

நான் திரும்பி உரக்கச் சொன்னேன்: "ஷெவாலா, இவருக்கு மூணாவது காப்பி!"

கடையே எங்கள் பக்கம் திரும்பியது. மூன்றாவது வந்தால் விருந்தாளி எழுந்து போக வேண்டும் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

"நான் என்ன விருந்தாளியா?" என்றார்.

"விருந்தாளின்னு சொல்றதே மரியாதைக்குத்தான்."

"சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிடுங்கண்ணே," என்று ஷெவாலா குவளையை வைத்தாள். கடை முழுக்கச் சிரிப்பு. அவர் குடித்தார், போனார்.

அவர் தொடாத ரொட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீங்களும் கெளம்பறீங்களாக்கா?" என்றாள் ஷெவாலா.

"நான் இப்பத்தானேடி வந்திருக்கேன்! முதல் காப்பி கொண்டா."

முத்தங்களுடன்,
உன் அம்மா