கேட்காமல் சொன்ன நாள்

உ

வீட்டு இலக்கம் 41,
சுனாமித் திட்டம்,
கல்குடா.
29.05.2009

அன்பு மகள் உசாந்திக்கும், மருமகன் சிவதர்சனுக்கும், நாங்கள் இன்னும் கையில் தூக்கிப் பார்க்காத பேத்தி விதுசாவுக்கும் அப்பா நல்லரத்தினம் எழுதிறது. நான் சுகம். சுவிஸ் குளிருக்குள்ள நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கவேணும் எண்டு எங்கட பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். அம்மாவின் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறன். அதை முதலில் தேடாமல் வரிசையாக வாசி.

ஞாயிற்றுக்கிழமை போனில் கதைச்ச மனிசன் வெள்ளிக்கிழமை ஏன் கடிதம் எழுதுது எண்டு யோசிப்பாய். போனில் நான் வாய் திறந்தாலே நீ சிரிக்கிறாய். இருமினாலும் சிரிக்கிறாய். இது சிரிக்காமல் கேட்க வேண்டிய விசயம். எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழுக்கு இருபத்தேழு மாக்ஸ். அதோட பள்ளிக்கூடமும் நானும் ஒருத்தரை ஒருத்தர் மன்னிச்சு விட்டிட்டம். பிழை கிடந்தால் திருத்தி வாசி.

விதுசாவின் படம் வந்தது. கம்பளித் தொப்பியோட, ரெண்டு பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறா. என்னைப் போலவே இருக்கிறா எண்டன். தொப்பியைக் கழட்டினால் தலையும் உங்களைப் போலத்தான் இருக்கும் எண்டா அம்மா. படத்தைச் சுவரில் மாட்ட விடல்ல. அரிசிப் பெட்டிக்குள்ள வைச்சா. ஏனெண்டு கேட்டதுக்கு, சுவரை ஆர் பார்க்கிறது, பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தரம் திறக்கிறன்தானே எண்டா.

இங்கத்தைய புதினம் உனக்கு என்னை விட நல்லாத் தெரியும். யுத்தம் முடிஞ்சுதெண்டு பத்து நாளைக்கு முதல் சந்தியில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தாங்க. வெடிச் சத்தத்துக்குத் திட்டத்தில் உள்ள சனமெல்லாம் றோட்டுப் பக்கம் பார்த்துது. உன் அம்மா மட்டும் வாசலுக்கு ஓடிப்போய்க் கடல் பக்கம் பார்த்தா. பக்கத்து வீட்டு நாகரெத்தினம் அக்காட மூத்த பொடியன் வன்னியில். மார்கழிக்குப் பிறகு ஒரு சேதியும் இல்ல. முகாமில் இருக்கிற ஆக்களின் பேர் பார்க்கவெண்டு அவ நாள் தவறாமல் மட்டக்களப்புக்குப் போய் வாறா. சந்தியில் தந்த பாற்சோற்றுத் துண்டு என்ட கையில் இருக்க, அவ எதிரே வந்தா. எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள போட்டிட்டன். அந்தச் சேட்டு இன்னும் பிசுபிசுக்குது.

இந்தத் திட்டத்து வீடுகளெல்லாம் ஒரே அச்சு எண்டு உனக்குத் தெரியும்தானே. போன மாதம் ஒருநாள் கொஞ்சம் கள்ளுக் குடிச்சிட்டு நாகரெத்தினம் அக்கா வீட்டுக்குள்ள போய்க் குந்தி, சோறு எங்க எண்டு சத்தம் போட்டிருக்கிறன். அவ சோறு போட்டுத் தந்து, சாப்பிட்டு முடிஞ்ச பிறகுதான், அண்ணன், உங்கட வீடு அடுத்தது எண்டா. அம்மா ரெண்டு நாள் சிரிச்சா. அவ சிரிச்சுக் கனகாலம். அதனால் அந்தக் கள்ளை நான் குறை சொல்லமாட்டன்.

இனி விசயத்துக்கு வாறன்.

விதுசாவின் ஒரு வயசுக் கொண்டாட்டத்துக்கு மருமகன் யூன் இருபதாம் திகதி சனிக்கிழமை ஹோல் பார்த்திருக்கிறார், அந்த நாள் சரியா எண்டு கோயில் ஐயரிடம் கேட்டுச் சொல்லுங்க எண்டு ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். அடுத்த நாள் விடிய அம்மா தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம் வைச்சு என்ட கையில் தந்தா. விதுசாவுக்கும் பூசம், தனுசனுக்கும் பூசம், ஆனபடியால் கவனமாகக் கேட்டு வாங்க எண்டா.

நான் கோயிலை மூன்று தரம் சுற்றி வந்தன். பக்தியில் இல்ல, மகள். உள்ள போகக் கால் வரல்ல. கடைசியில் ஐயரே வெளியில் வந்து, என்ன நல்லரத்தினம், ஏதும் நேர்த்தியா எண்டு கேட்டார். தட்டத்தைக் கொடுத்தன். பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஆனிப் பூசம் யூன் இருபத்தைந்து, வியாழக்கிழமை எண்டார். ஒரு நிமிசம் கூட ஆகல்ல.

வீட்டுக்கு வந்து சொன்னன். அம்மா தேத்தண்ணி ஊத்தித் தந்தா. வெயிலுக்குள்ள போய் வந்த ஆள் எண்டு பனங்கட்டியும் ஒரு துண்டு தந்தா. தந்து போட்டு, எங்கட மகனுக்கும் நீங்க இப்படித்தானே நடந்து போய்க் கேட்டு வந்தீங்க எண்டா. 

உசாந்தி, உன் தம்பி தனுசனுக்கு நான் போய்க் கேட்கல்ல.

உனக்குத் தெரிஞ்ச பாதியை நான் திருப்பி எழுத வேண்டியதில்ல. ஆனால் மற்றப் பாதி உனக்குத் தெரியாது. நம்மட பக்கத்தில் கலியாணம் முடிச்ச ஆம்பிள பெண்ணின் வீட்டில்தான் போய் இருக்கிறது. உன் அம்மாவுக்கு உன்னிச்சையில் சீதன வீடு இருந்தது. குளத்தடி, வயல்வட்டை, முற்றத்தில் ரெண்டு மாமரம். நான் அதில் ஒரு வருசம் இருந்து பார்த்தன். கடல் இல்லாமல் எனக்கு ஏலாது எண்டு அவவைக் கூட்டிக்கொண்டு கல்குடாவுக்கு வந்திட்டன். உன் மாமன் சாமித்தம்பி அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவான். மச்சான் என்ட அக்காவை நண்டுப் பொந்துக்குள்ள வைச்சிருக்கிறார் எண்டு சபையில் சொல்லுவான். நானும் சேர்ந்து சிரிப்பன். ஆனால் உள்ளுக்குள்ள குத்தும்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு தொடக்கத்தில், மார்கழிப் பூசத்தில் தனுசன் பிறந்தான். எனக்கு நாற்பத்தைந்து. உனக்குப் பதினாறு, நீ வெட்கத்தில் ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகல்ல. அந்த வருசம்தான் நான் ஓட்டு வீடு கட்டி முடிச்சன். கடலைப் பார்த்த வாசல், நீலப் பெயின்ற். சாமித்தம்பி வந்து அந்த வாசலில் நிண்டு பார்க்கவேணும், அது ஒண்டுதான் எனக்குத் தேவையாக இருந்தது.

அம்மா சொன்னா, ஒரு வயசுக்குப் பூசம் எண்டைக்கு வருதெண்டு ஐயரிடம் கேட்டு வாங்க, என்ட வீட்டில் பொங்கிப் படைச்சுச் செய்வம், நாலு நாளைக்கு முன்னமே உன்னிச்சைக்குப் போயிடுவம் எண்டு. உடுப்பெல்லாம் பையில் அடுக்கி வைச்சிட்டா. நான் ஐயரிடம் போறன் எண்டு வெளிக்கிட்டு, வழியில் கள்ளுக் கொட்டிலில் இறங்கினன். ஒரு மணித்தியாலம் இருந்தன். வீட்டுக்கு வந்து, ஐயர் பார்த்தார், பூசம் ஞாயிற்றுக்கிழமை வருது, டிசம்பர் இருபத்தாறு, பௌர்ணமியும் கூடுது, ஆம்பிளப் பிள்ளைக்குத் தகப்பன் வீட்டில் செய்தால்தான் சிறப்பாம் எண்டன். அப்படி ஒரு சாத்திரத்தை உலகத்தில் ஒரு ஐயரும் சொன்னதில்ல. கொட்டிலில் இருந்து எழும்பின ஐயர்தான் சொன்னார்.

அம்மா ஒரு சொல்லும் மறுத்துப் பேசல்ல. நாள் அப்படியெண்டால் அப்படித்தான் எண்டு பையைப் பிரிச்சு உடுப்பை எடுத்து வைச்சா. அந்தப் பை பிரிஞ்ச சத்தம் எனக்கு இண்டைக்கும் கேட்குது.

மிச்சம் நீ அறிஞ்சது. நானும் நீயும் சைக்கிளில் ஓட்டமாவடிக்குப் போய், கச்சி முகம்மது காக்காட பேக்கரியில் கேக் எடுத்தம். வள்ளம் மாதிரிச் செய்யச் சொன்னன், செருப்பு மாதிரி வந்திருந்தது. நீ சிரிச்சுச் சிரிச்சு, பெட்டியை மடியில் வைச்சுக்கொண்டு சைக்கிள் பாரில் இருந்தாய். வாழைச்சேனைக்கு வரச் சனம் எதிரே ஓடி வந்தது. சாமித்தம்பி ஆக்களின் உழவு இயந்திரம் அப்பதான் செங்கலடி தாண்டியிருக்கு. அவன் என்ட வாசலில் வந்து நிற்கல்ல. நிற்க வாசலும் இருக்கல்ல.

அம்மா கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு நிண்டவ. இடக்கையால் மரமுந்திரிகைக் கொப்பையும், வலக்கையால் பிள்ளையையும் பிடிச்சிருந்தா. முதல் அலைக்குப் பிடிச்சிருந்தா. ரெண்டாவது அலை.

அதற்குப் பிறகு உன் அம்மா ஒரு பிள்ளையையும் தூக்கினதில்ல. நீ கவனிச்சியோ தெரியாது. ஆரும் பச்சைப் பிள்ளையை நீட்டினால் கையில் மீன் நாற்றம், மாவு, ஈரம் எண்டு ஏதாவது சொல்லிப் பின்னால் போயிடுவா. நீ பிள்ளைப்பேற்றுக்கு வரச் சொல்லி விசாவுக்கு எழுதினபோது வரமாட்டன் எண்டா. குளிர் ஒத்துக்கொள்ளாது எண்டு என்னைச் சொல்லச் சொன்னா. நீ போனில் அழுதாய், அம்மாவுக்கு என்னில் பாசமில்ல எண்டு. குளிரும் இல்ல ஒண்டும் இல்ல, மகள். பேத்தியைத் தன்ட கையில் தந்து விடுவாய் எண்ட பயம். படுக்கையில் தன்ட வலக்கையை இடக்கையால் அடிக்கிறதை நான் கண்டிருக்கிறன். கண்டும் நித்திரை போலக் கிடந்திருக்கிறன்.

நாலரை வருசம் எனக்கு வாய் வரல்ல. அந்த ஐயரும் அந்த வருசமே ஊரை விட்டுப் போயிட்டார். என்னைக் காட்டிக்கொடுக்க ஆளில்ல. அம்மா எல்லாருக்கும் சொல்லுவா, இவர் நாள் பார்த்துத்தான் வைச்சவர், பிழை நாளில் இல்ல எண்டு. என்னைக் காப்பாற்றுகிறா எண்டு அவவுக்கே தெரியாது.

திங்கட்கிழமை அந்தத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைச்சிட்டுச் சொன்னன்.

“சீதேவி, நான் அண்டைக்கு ஐயரிட்டப் போகல்ல. ஞாயிறு எண்டு நான்தான் சொன்னன்.”

அம்மா சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தா. தலை நிமிரல்ல. கல்லும் நெல்லும் பொறுக்கி எறிஞ்சு, சுளகில் இருந்த அவ்வளவையும் பார்த்து முடிச்சா. நான் ஏசுவா எண்டு காத்திருந்தன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு தன்ட கையைப் பார்த்துக்கொண்டு சொன்னா,

“இவ்வளவு காலமும் நான் என்ட கையத்தான் ஏசிக்கிட்டுக் கிடந்தன்.”

அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை விடியக்காலம் எழும்பி, எனக்கு ரெண்டு நேரத்துக்குச் சமைச்சு மூடி வைச்சிட்டு, பையில் உடுப்பு அடுக்கினா. அந்தச் சத்தமும் கேட்டது. இந்த வீரன் அப்பவும் நித்திரை போலத்தான் கிடந்தான். அவ படலையைச் சாத்தின பிறகு எழும்பிப் பார்த்தன். முதல் பஸ் வெளிச்சம் றோட்டில் போச்சுது. அண்டைக்கு மத்தியானம் சாமித்தம்பி போன் எடுத்தான். அக்கா வந்து நிக்கிறா மச்சான், ஒண்டும் கதைக்கிறா இல்ல, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கூட்டிக்கொண்டு நிக்கிறா, என்ன நடந்தது எண்டு கேட்டான். அந்த வீட்டுக்கு நாலு நாளைக்கு முன்னமே வர வேண்டிய ஆள், கொஞ்சம் பிந்திப் போயிருக்கிறா எண்டன். அவனுக்கு விளங்கல்ல. சொல்லுவன். அவனுக்கும் சொல்லத்தான் வேணும்.

சோறு காய்ச்ச அரிசிப் பெட்டியைத் திறந்தன். விதுசாவின் படம் இல்ல. கொண்டு போயிட்டா. இல்லையெண்டு தெரிஞ்சும் நானும் இப்ப ஒரு நாளைக்கு மூன்று தரம் பெட்டியைத் திறக்கிறன். கள்ளுத் தொடல்ல, ஆனாலும் ஒவ்வொரு நாளும் பிழையான வீட்டுக்குள்ள வந்து குந்தினது போலக் கிடக்கு.

நீ இனி என்னோடு கதைக்கிறதும் விடுகிறதும் உன் விருப்பம். அந்தக் கேக் பெட்டியை இருட்டும் வரைக்கும் கீழே வைக்காமல் பிடிச்சுக்கொண்டிருந்த பிள்ளை நீ. உனக்குச் சொல்லாமல் சாக எனக்கு மனமில்ல.

கொண்டாட்டத்தை மருமகன் சொன்ன சனிக்கிழமையே வையுங்கோ. நாள் பார்க்காததால் கடல் வரல்ல. கடலுக்கு நாளும் தெரியாது, நல்லரத்தினத்தையும் தெரியாது. உன் தம்பி அண்டைக்கு எங்க இருந்திருக்கவேணும் எண்டது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் வியாழக்கிழமை பூசத்தண்டு ஒரு விளக்கை ஏத்தி, பிள்ளையின் வாயில் ஒரு கரண்டி பாயாசம் வைச்சு, சாமித்தம்பியின் போனுக்கு எடு. அம்மாவைக் கூப்பிட்டுப் போனைப் பிள்ளையிடம் கொடு. அது என்ன சத்தம் போட்டாலும் சரி.

ஒரேயொரு வேண்டுதல். மறுபடி விசாவுக்கு எழுது. அம்மா ஒருத்திக்கு மட்டும் எழுது, எனக்கு வேண்டாம். அவ அங்க வந்து இறங்கினதும், ஈரம், மாவு எண்டு என்ன சாட்டுச் சொன்னாலும் கேட்காதே. விதுசாவை அவட வலக்கையில் கொடுத்திட்டு, நீ கொஞ்சம் தள்ளி நில்.

என்ட பேத்திக்கு நூறு வயசும், அதில் ஒவ்வொரு பூசத்துக்கும் பக்கத்தில் தாயும் இருக்கவேணும். மருமகனுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
எழுதவும் பிந்தின உன் அப்பா,
க. நல்லரத்தினம்