பின் லைட்டில் பூசிய ஊதா

1986 மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். டயருக்குக் காற்று, ரேடியேட்டருக்குத் தண்ணீர். என் காரில் ஆள் ஏற்றிச் சம்மாந்துறைக்கு ஒரு ஹயர்.

திரும்பும்போது பொலிஸ் சாவடியில் மறித்தார்கள். பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு சார்ஜன்ட் பின்னால் போய் நின்று பார்த்தார். பின் லைட் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம். அந்தக் கறுப்பை எடுத்துவிட்டு வந்தால்தான் இனி இந்தப் பக்கம் விடுவாராம். கறுப்பில்லை, ஊதா என்று சொல்ல வாயெடுத்தவன் கியரைப் போட்டேன்.

சனிக்கிழமை இதே பாதையால்தான் றஹீமாவைப் பிரசவத்துக்கு அம்பாறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூத்தவன் வயிறு அறுத்துப் பிறந்தவன். இந்த முறை நாள் தவறக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பு. வேறு கார்க்காரர் இருவரிடம் கேட்டேன். இப்போதைய நிலைமையில் அந்தப் பாதைக்கு வர இருவருக்கும் மனமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கராஜில் பெயின்ட் கரைக்கும் தின்னர் நனைத்த துணியால் இடப்பக்க லைட் கவரின் மூலையில் ஒரு தேய்ப்பு. ஊதா போகுமுன் பிளாஸ்டிக் வெளிறிப் பிசுபிசுத்தது. மெக்கானிக்கின் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. கையைப் பிடித்து நிறுத்தினேன். உப்புக்கடதாசியால் உரசிப் பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்று காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பழைய மொறிஸ் மைனருக்குப் புதுக் கவர் கொழும்பில் தேடினால் கிடைக்கலாம். சனிக்கிழமைக்குள் எப்படி?

இந்த ஊதா பூசியது எழுபத்தொன்பதில். யாரோ ஒரு கொழும்புக்காரரின் கல்யாணக் கார் கல்முனைக்கு வந்தது. பின் லைட் இரண்டும் நாவற்பழம் போல. என் கூட்டாளி தவராசாவுக்கும் எனக்கும் அன்று முழுக்க அதே பேச்சு. அவனுக்குக் கல்முனையில் தச்சுக் கடை, பக்கத்தில்தான் என் கார் ஹயருக்கு நிற்கும். தான் ஒன்று கலந்து பூசித் தருவதாகச் சொன்னான். சாயம் மட்டும் நான் கொண்டுவர வேண்டும்.

சாயத்துக்கு மருதமுனையில் ஒரு நெசவு வீட்டுக்குப் போனேன். ஆண்கள் யாரும் இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நெருப்புப்பெட்டியை நீட்டியது. உள்ளே ஊதாத் தூள். விரல் நுனியிலும் ஊதா. அந்தக் கை றஹீமாவுடையது. அடுத்த வருசம் நிக்காஹ். மாப்பிள்ளைக் காரை ஓட்டியது தவராசா.

மார்ச் 5, புதன்

புழுக்கம். ஹயர் இல்லை. மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், சவர்க்காரம். ஒன்றுக்கும் அசையவில்லை.

றஹீமா முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயம் தனியாகப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது, எதில் கலந்து பூசியது என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"அப்ப அவர்ட்டப் போய்க் கேளுங்க. கலந்தவர் அவர்தானே."

தவராசாவின் ஊர் பெரியநீலாவணை, இங்கிருந்து ஒரு மைல். தமிழ், முஸ்லிம் கலவரத்தில் அவனுடைய கடை எரிந்து பத்து மாதம். நான் போய்ப் பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

போனேன். இரண்டு கவரையும் கழற்றித் துணியில் சுற்றி, சைக்கிளில். ஊர் எல்லை தாண்டியதும் அந்தப் பக்கத்து ஆட்கள் நின்று பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தவராசா வீட்டு வளவில் வள்ளத்துக்குப் பலகை சீவிக்கொண்டிருந்தான். மெலிந்திருக்கிறான். சீவுளியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான். கவரை நீட்டினேன். வெளுத்த மூலையைப் பார்த்தான்.

"தின்னர் போட்டியாடா? அது பெயின்ட் இல்ல மச்சான், கொம்பரக்கு. மேசைக்கு அடிக்கிற பொலிஷ். சோடாத் தண்ணிக்குக் கரையும்."

பழைய பேசின் ஒன்றில் வெந்நீர். கை பொறுக்கும் சூடுதான், கூடினால் பிளாஸ்டிக் வளையுமாம். பிடியளவு சலவைச் சோடா. கவர்களை அமிழ்த்தினான். இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்திலிருந்து ஊதா புகை மாதிரிக் கிளம்பியது. தண்ணீரை மூன்று தரம் மாற்றினான். சுரண்ட விடவில்லை. மெல்லிய பருத்தித் துணியால், பிள்ளைக்கு முகம் துடைப்பது போல. பற்பொடி தொட்டு ஒரு மெருகு.

சிவப்பு. ஏழு வருசத்துக்குப் பிறகு. மூலையில் அந்த விரல் ரேகை மட்டும் போகாது.

பேசினைக் கவிழ்க்கும்போது சொல்லிவிட்டேன், கடை எரிந்த நேரம் நான் வரவில்லை என்று.

"தெரியும். நீ வந்திருந்தா ரெண்டு பேரையும் விட்டிருக்க மாட்டானுகள்."

பிறகும் வரவில்லையே என்றேன். கவரைத் துணியில் சுற்றித் தந்தான். தேநீர் தரவில்லை. நானும் நிற்கவில்லை.

மார்ச் 8, சனி

மந்தாரம். சாவடியில் அதே சார்ஜன்ட். பிரேக்கை மிதித்தேன். தலையாட்டினார், விட்டார். றஹீமா கண்ணை மூடி ஓதிக்கொண்டே வந்தாள். வார்ட்டில் சேர்த்தாயிற்று. பாய், பிளாஸ்க், வெள்ளைச் சீலை இரண்டு. என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

மகள். காலை பத்து மணிக்கு. அறுத்துத்தான். தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். பிள்ளையின் காதில் பாங்கு சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இன்று சிறு தூறல். மூத்தவன் தங்கச்சியின் பக்கத்தை விட்டு நகரவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு படலையில் சைக்கிள் மணி. தவராசா. சந்தையில் யாரோ சொன்னார்களாம். கக்கத்தில் மரத்தொட்டில் ஒன்று, நான்கு துண்டாகக் கழற்றிக் கட்டியது. நனைந்திருந்தான். இந்த வீட்டில் குசினி வரைக்கும் தன்பாட்டில் நடந்து, சட்டியைத் திறந்து பார்க்கிறவன். படலைக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டான்.