நிறுத்தச் சொன்ன மாத்திரை

பிப்ரவரி 9, திங்கள்

காலையில பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளுனு. மில்லுக்கு லீவு எழுதிக் குடுத்தாச்சு. அடுத்த திங்கள் மதுரையில எனக்கு நெஞ்சு ஆபரேஷன். ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரையை இன்னையோட நிறுத்தணும்னு டாக்டர் உத்தரவு. போட்டா, அறுக்கும்போது ரத்தம் நிக்காதாம், பாட்டில் பாட்டிலா ஏத்தணுமாம். செல்வி அட்டையைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. பொண்டாட்டிக்கு எம்மேல அம்புட்டு நம்பிக்கை!

கரண்ட் பில். முடிவெட்டு. வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரை ஒரு அட்டை. எதுக்குன்னு தெரியல. இல்ல, தெரியும்.

பிப்ரவரி 11, புதன்

இன்னைக்கும் போட்டேன், பைக் துடைக்கிற சாக்குல. ஆஸ்பத்திரியில கேட்டா "மறந்து போட்டுட்டேன் சார்"னு சொல்லணும். தேதி தள்ளிப்போகும். இதுதான் திட்டம்.

இதயத்தை நிறுத்தி வச்சுத்தான் வேலை பார்ப்பாங்களாம். நான் மில் ஃபிட்டர். ஓடுற மெஷினை நிறுத்திக் கழட்டி மாட்டுறதுதான் பொழப்பு. சிலது திரும்ப ஓடமாட்டேன்னு அடம்பிடிக்கும். இதை யாருகிட்டச் சொல்ல? மில்லுல நான் தைரியசாலி.

பிப்ரவரி 13, வெள்ளி

எனக்காக ரத்தம் குடுக்க பாண்டியும் அக்பரும் வாராங்களாம், கூட வேலை பாக்குறவனுக. வேணாம்னேன், கேக்கல. அக்பர் போன்ல, "ஏலே, ரத்தத்துக்குப் பதிலா ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்துரு, சரியாப்போயிரும்." சிரிச்சேன்.

மாடிப்படி ஏறுனதும் நெஞ்சு பிடிச்சிருச்சு. செத்த நேரம் அப்படியே உக்காந்துட்டேன். முக்கியமான குழாய்ல அடைப்பு, நாளைக் கடத்தாதீங்கன்னு டாக்டர் சொன்னதுதான். இருந்தும் மாத்திரை போட்டேன். கூறுகெட்ட பய நான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மதுரை. வார்டு. ஃபேன் சத்தம். பாண்டியும் அக்பரும் கையில பஞ்சோட வந்து நின்னாங்க. நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்து ரத்தம் குடுத்திருக்கானுக. மூஞ்சி பார்க்க முடியல.

டாக்டர் வந்து மாத்திரை பத்திக் கேட்டாரு. நான் வாய் திறக்கறதுக்குள்ள செல்வி, "நான்தான் சார் பூட்டி வச்சேன். ஒண்ணுகூடப் போடல. எம்மகன் மேல சத்தியம்."

ஐயோ, சத்தியமே பண்ணிட்டா. பிள்ளையைச் சொல்லி. இதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருந்தா நாளைக்கு அறுத்துருவாங்க.

"சார், இன்னைக்குக் காலை வரைக்கும் போட்டேன். வேணும்னேதான்."

டாக்டர் கத்தல. பேனாவை மூடுனாரு. "நல்லவேளை, சொன்னீங்க. இல்லைன்னா உள்ள ரத்தத்தை நிறுத்த முடியாம திண்டாடியிருப்போம்." ஆபரேஷன் தள்ளி வச்சாச்சு. வீட்டுக்கு விடமாட்டாங்க, இங்கேயே படுக்கணும். இனி மாத்திரை எல்லாம் நர்ஸ் கையில.

செல்வி தண்ணி பிடிக்கப் போனா, வந்தா. பாட்டிலை டொக்குனு வச்சா.

பிப்ரவரி 16, திங்கள்

இட்லி, தண்ணிச் சாம்பார். ரத்த டெஸ்ட். சாயங்காலம் செல்வி கிட்ட வந்தா. அப்புறம் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு:

"பயமா இருந்துச்சா?"

"ம்."

"எங்கிட்டச் சொன்னா என்னவாம்?"

"நீ தைரியமா இருந்தியே."

"யாரு, நானா? வெஞ்சனத்துக்குக் காய் வாங்கப் போறேன்னு தினம் போனேன்ல, ரேஷன் கடைக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டு வருவேன். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு."

அழுதுட்டேன். சத்தமாவே. பக்கத்துக் கட்டில்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.